தொழிலாளியை நிறுக்கும் தராசு

நேர்முகப் பரீட்சைக்குச் செல்பவன் சலவை செய்த சட்டையணிந்து, அதிகாரியின் முன்னே பணிவுடன் அமர்ந்து, கேட்ட கேள்விகளுக்கு விடை பகர்வான். உத்தியோகம் கிடையாவிடினும், தன்னை வேண்டாமென்றவர் இன்னார் என்பதையேனும் அறிவான். அவ்வதிகாரியின் நாற்காலியில் ஓர் இயந்திரம் அமர்ந்துவிட்டால்? யாரிடம் சென்று காரணம் கேட்பது?

இக்கேள்வியைத் தமது ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியை இஃபியோமா அஜுன்வா. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அவரது நூலின் பெயரை 'அளவிடப்பட்ட தொழிலாளி' எனத் தமிழிற் கூறலாம்.

தொழிலாளியை அளப்பது புதிய வழக்கமன்று. அவனது ஒவ்வோர் அசைவையும் கடிகாரங்கொண்டு கணக்கிடும் முறையைப் பிரெடெரிக் டெயிலர் 1911இல் நூலாகவே எழுதினார். 1914இல் நாளொன்றுக்கு ஐந்து டொலர் வழங்க முன்வந்த மோட்டார் உற்பத்தியாளர் ஹென்றி போர்ட், தொழிலாளி குடிக்கிறானா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறானா என்று பார்த்துவர ஆட்களை அனுப்பினார். ஆயினும் கடிகாரம் பிடித்த கையும், வீட்டுப் படியேறிய காலும் மனிதருடையவை. தொழிலாளி அவற்றைக் கண்ணாற் கண்டான். இன்றோ கணினியில் தட்டும் எழுத்தும், கைத்தொலைபேசி காட்டும் இடமும், மணிக்கட்டுக் கருவி அறியும் நாடித்துடிப்பும் ஓசையின்றிப் பதிவாகின்றன. இக்கண்காணிப்புக்கு அமெரிக்கச் சட்டம் போதிய எல்லை வகுக்கவில்லை என்பதை அம்மையார் வேறிருவருடன் சேர்ந்து 2017இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டிற்று.

"இயந்திரத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் உண்டோ?" என்பார் உளர். அமேசன் கம்பனியின் அனுபவம் வேறாயிற்று. விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க அக்கம்பனி ஆக்க முயன்ற முறைக்குப் பத்தாண்டு காலத்து விண்ணப்பங்களே பாடமாயின. அவற்றுட் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால், பெண்களைக் குறிக்கும் சொல் காணப்பட்ட விண்ணப்பங்களுக்கு இயந்திரம் புள்ளிகளைக் குறைத்தது. அம்முயற்சி கைவிடப்பட்ட செய்தி 2018இல் வெளியாயிற்று. மனிதரின் பழைய ஓரவஞ்சனையே இயந்திரத்துக்கு அரிச்சுவடியாயிற்று! பாரபட்சத்தைப் போக்கவந்த கருவியே அதனை மறைக்கும் திரையாகிவிடலாம் என்னும் இம்முரண்பாட்டை அஜுன்வா அம்மையார் 2020இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆராய்ந்தார்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஒளிப்பதிவு மூலம் நடத்தும் நேர்முகப் பரீட்சையைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆராய விரும்பும் முதலாளி, அதனை விண்ணப்பதாரிக்கு முன்கூட்டியே அறிவித்து, அது தொழிற்படும் விதத்தை விளக்கி, அவரது சம்மதத்தையும் பெறவேண்டுமென்று இலினோய் மாநிலம் சட்டம் இயற்றிற்று. அச்சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. சிறிய சட்டந்தான், ஆயினும் அளக்கப்படுபவனுக்கு அளவுகோலைப் பற்றி அறியும் உரிமையுண்டு என்னும் பெரிய நியாயம் அதனுள் அடங்கியிருக்கின்றது.

இயந்திரமே வேண்டாமென்பது எமது கருத்தன்று. ஆனால் நேயர்களே, தராசைத் திரைக்குப் பின்னால் வைத்து நிறுக்கும் கடைக்காரனிடம் நாம் ஒரு கொத்து அரிசியேனும் வாங்குவோமா? மனிதனை நிறுக்கும் தராசு மாத்திரம் மறைவில் இருக்கலாமோ?