180 படங்களும் ஒரு நெருப்புப்பெட்டியும்

"அண்ணை, சோதினைக்கு இன்னும் நாலு மாதந்தான் கிடக்கு. நீங்கள் பிள்ளையோடை சேர்ந்து புளியங்கொட்டை விளையாடுறியளே?"

என் தங்கை இவ்வாறு கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2025 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை அது. வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டின் சாப்பாட்டு மேசையில், ஐந்தாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்த அவளுடைய மகள் ‘ஸ்டொப் மோஷன்’ படமொன்றை எடுத்துக்கொண்டிருந்தாள். அவ்வாண்டு ஆகஸ்டில் அவள் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியிருந்தது. தாயின் கவலை நியாயமற்றது என்று நான் கூறமாட்டேன். ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் எழுதும் பரீட்சை அது. வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் அவர்களுள் சிறு பகுதியினரே. ஆயினும் அந்த மூன்று நாட்களும் வீணாகவில்லை என்றே அன்றும் கருதினேன், இன்றும் கருதுகிறேன்.

இந்தக் கலையின் அடிப்படை மிக எளிமையானது. அசையாத ஒரு பொருளை வைத்துப் படம் பிடிக்க வேண்டும். அதனைச் சிறிது நகர்த்தி மீண்டும் பிடிக்க வேண்டும். இவ்வாறு எடுத்த படங்களை வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால் பொருள் தானாகவே நகர்வதாகக் கண் நம்பிவிடும். விநாடிக்கு 12 படங்கள் போதும். 15 விநாடிக் கதைக்கு 180 படங்கள். படங்களைக் கோத்து வீடியோவாக்கித் தரும் செயலிகள் கைத்தொலைபேசிக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே செலவென்று எதுவுமில்லை. வேண்டியது பொறுமை மட்டுமே.

உலகப் புகழ்பெற்ற நிறுவனமொன்றுகூட வீட்டு மேசையில்தான் பிறந்தது. இங்கிலாந்தில் பீட்டர் லோர்ட், டேவிட் ஸ்ப்ரொக்ஸ்டன் என்ற இரு பள்ளித் தோழர்கள், பின்னவரின் தந்தையுடைய கமராவைக் கொண்டு சமையலறை மேசையில் செய்து பார்த்த பரிசோதனைகளே 1972 இல் ஆர்ட்மன் நிறுவனமாயின. பின்னர் அங்கு வந்து சேர்ந்த நிக் பார்க், தமது முதலாவது ‘வொலஸ் அன்ட் குரொமிற்’ படத்தை மாணவராக இருந்தபோது 1982 இல் தொடங்கி 1989 இல்தான் முடித்தார். படத்தின் நீளம் அரை மணி நேரங்கூட இல்லை. இந்தத் தகவலைத் தங்கையிடம் சொன்னேன். "ஏழு வருசமா?" என்றாள். என் வாதத்துக்கு அது வலுச்சேர்க்கவில்லை என்பது அவளது முகத்தில் தெரிந்தது.

எமது முதல்நாள் முயற்சி படுதோல்வி. யன்னலோரம் நல்ல வெளிச்சம் இருக்கிறதே என்று மேசையை அங்கு இழுத்துப் போட்டோம். கடலிலிருந்து முகில்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஓட்டிப் பார்த்தபோது படம் முழுவதும் மின்னல் அடிப்பதுபோல் மினுங்கிற்று. வெளிச்சம் மாறமாற கமராவும் தன்பாட்டில் தன்னை மாற்றிக்கொள்வதால் வரும் வினை இது. மறுநாள் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரேயொரு மேசை விளக்கை வைத்துக்கொண்டோம். திரையில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டினோம். அப்படியும் அவ்வப்போது ஒரு வெளிறல் தெரிந்தது. காரணம் எனது வெள்ளைச் சேட்! நான் கிட்டப் போகும்போதெல்லாம் அதில் பட்ட ஒளி மேசையில் தெறித்திருக்கிறது.

கைத்தொலைபேசியை நிறுத்த முக்காலி இல்லை. ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யையும் வேறு இரு தடித்த நூல்களையும் அடுக்கி இடையில் செருகினோம். அந்த அகராதி எனக்குப் பல வழிகளில் உதவியிருக்கிறது, இது புதிய வழி. திரையைத் தொட்டால் அசையும் என்பதால், காதில் மாட்டும் ஒலிபன்னியின் ஒலியளவுப் பொத்தானை அழுத்திப் படம் எடுத்தோம். பின்னணிக் கடதாசி ஆடியதால் மின்விசிறியையும் நிறுத்த வேண்டியதாயிற்று. சித்திரை மாதத்துக் கொழும்பில் மின்விசிறி இல்லாமல் இருப்பது என்னவென்று இங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

கதை அவளுடையது. நெருப்புப்பெட்டி ஒரு பஸ், சட்டைப் பொத்தான்கள் அதன் சில்லுகள். தரிப்பிடத்தில் ஒன்பது புளியங்கொட்டைகள் வரிசையில் நிற்கின்றன. பஸ் வருகிறது, பெட்டி திறக்கிறது, எட்டு ஏறிக்கொள்கின்றன. ஒன்பதாவது பின்னால் ஓடுகிறது.

முதலில் அவள் பஸ்ஸை ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு நகர்த்தினாள். ஓட்டிப் பார்த்தபோது அது எண்ணெய் பூசிய தட்டில் வழுக்குவதுபோல் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்கவுமில்லை. அவள் எழுந்து பல்கனிக்குப் போய் காலி வீதியில் போகும் பஸ்களைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து, புறப்படும்போது இரண்டு மில்லிமீற்றர், பிறகு ஐந்து, பிறகு ஒரு சென்ரிமீற்றர், நிற்கும்போது அதே கணக்கைத் தலைகீழாக என்று நகர்த்தத் தொடங்கினாள். எந்தக் கடந்தகால வினாத்தாளும் அந்தக் கால் மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்திருக்காது.

மூன்றாம் நாள், 112 ஆவது படத்தில் எனது முழங்கை மேசையில் இடித்தது. எல்லாம் ஒரு இழை நகர்ந்துவிட்டன. "பரவாயில்லை பிள்ளை, ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும்தானே மாமா" என்றாள்.

கோபமில்லை, அழுகையில்லை. 40 படங்களை அழித்துவிட்டு, பஸ் தரிப்பிடத்துக்கு வந்து நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தியறையில் "நேரமாகிறது, போகட்டும்" என்று எத்தனை தலைப்புகளை, எத்தனை சரிபார்க்காத வரிகளை அச்சுக்கு அனுப்பியிருப்பேன்! நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சிறிய அச்சகங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்த மூத்தவர்கள் இன்னமும் இருந்தார்கள். ஒரு எழுத்து பிசகினால் முழு வரியையும் கலைத்துவிட்டுக் கோப்பார்கள். நாங்கள் அவர்களை மெதுவானவர்கள் என்று கேலி செய்தோம்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பரொருவர் இதனைக் கேட்டுவிட்டு, இப்போது ஒரு வசனம் எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே இதைவிட அழகான வீடியோவை ஒரு நிமிடத்தில் தந்துவிடுமே என்றார். தரும், மறுக்கவில்லை. எமது படத்தைவிட அது நிச்சயம் அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை பல்கனிக்குப் போயிருக்கமாட்டாள். வொலஸின் களிமண் முகத்தில் சில இடங்களில் செய்தவர்களின் விரலடையாளம் தெரியும். எமது பஸ்ஸிலும் ஓரிரு படங்களில் ஒரு சிறு விரலின் நிழல் விழுந்திருக்கிறது. அவற்றை அவளும் அழிக்கவில்லை. பிழைக்கும் கைப்பதிவுக்கும் உள்ள வேறுபாடு அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

பிள்ளைகள் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் பெற்றோர் ஒரே குரலில் முறையிடுகிறார்கள். தொலைபேசியைப் பறிப்பதைவிட, அதனை இரண்டு புத்தகங்களுக்கிடையில் செருகிக் கொடுத்துப் பாருங்கள் என்பதே எனது ஆலோசனை. ஒரேயொரு அச்சம் எனக்குண்டு. இதை யாராவது வாசித்துவிட்டு ‘ஸ்டொப் மோஷன்’ ரியூசன் வகுப்புத் தொடங்கி, சான்றிதழும் கொடுத்துவிடக்கூடாது.

படத்தின் கடைசி 18 படங்களில் எதுவுமே அசையவில்லை. பஸ் போன பின் ஒன்பதாவது கொட்டை தனியாக நிற்கிறது, அவ்வளவுதான். "ஒரு படத்தை எடுத்துப் பதினெட்டுத் தரம் போடலாமே, ஏன் வீணாக எடுக்கிறாய்?" என்று கேட்டேன். "அது பார்த்துக்கொண்டு நிக்குது மாமா" என்றாள். பதினெட்டுத் தரமும் பொத்தானை அழுத்தினாள்.

அன்றிரவு தங்கைக்குக் காட்டினோம். 15 விநாடிகள். பார்த்து முடித்துவிட்டு, இன்னொருக்கால் போடச் சொன்னாள். பிறகு, "அந்தக் கடைசிக் கொட்டையையும் ஏத்தியிருக்கலாமே பிள்ளை" என்றாள்.

"பஸ்ஸிலை இடமில்லை அம்மா."