செக்கு சுற்றும் கப்பல்

பெரம்பலூர், அரியலூர் என்னும் இரண்டு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. இது பூகோளப் பாடம். ஆனால் கடலாசைக்குக் கடற்கரை வேண்டுமென்று யார் சொன்னார்கள்? தினமும் அலையில் கால் நனைக்கிறவனுக்குக் கடல் ஒரு தொழிலிடம். மானாவாரிக் காட்டில் வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவனுக்குத்தான் அது கனவு. அத்தனை தண்ணீர் ஓரிடத்தில் இருக்கிறது என்ற செய்தியே அவனுக்குப் பெரிய ஆறுதல்!

அந்தக் கனவை விலைக்கு விற்க இப்போது ஒரு வியாபாரம் வந்திருக்கிறது. "குடும்பத்தோடு வாருங்கள், குழந்தைகளுக்குக் கடலைக் காட்டுங்கள்" என்று கூப்பிடுகிறது. இதற்குப் பெயர் உல்லாசக் கப்பல் பிரயாணம். இந்தப் பிரயாணத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது நல்ல அபிப்பிராயமல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கப்பலின் கதை. 1990இல் பிரான்சு தேசத்தில் கட்டப்பட்டு, அமெரிக்கக் கரையோரங்களில் பல வருஷம் உழைத்த ஒரு கப்பலை இந்தியக் கம்பெனி ஒன்று வாங்கியது. 'எம்ப்ரஸ்' என்று பெயர். மகாராணி என்றால் சும்மாவா? நீச்சல் குளம், நாடக மேடை, சாப்பாட்டுக் கூடங்கள், சூதாட்ட மண்டபம் எல்லாம் அதில் உண்டு. 2022 ஜூன் மாதத்தில் முதலமைச்சர் கொடியசைக்க, அது சென்னைத் துறைமுகத்திலிருந்து தன் முதல் பிரயாணத்தைத் தொடங்கிற்று. அதே மாதத்தில் புதுச்சேரிக்குப் போனபோது, சூதாட்டம் பற்றிய எதிர்ப்பு எழுந்து, கரைசேர அனுமதி கிடைக்காமல் கடலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிற்று. புதுச்சேரி அதற்குக் கதவைத் திறந்தது 2025 ஜூலையில்தான்.

புதுச்சேரிக்குப் போகாவிட்டால்தான் என்ன? இந்தப் பிரயாணங்களில் சுவையானது இன்னொரு வகை. சென்னையில் புறப்படுவது, நடுக்கடலுக்குப் போவது, இரண்டு இரவு கழித்துச் சென்னைக்கே திரும்புவது. நடுவில் ஓர் ஊர் கிடையாது, ஒரு துறை கிடையாது. நம் ஊரில் இதே காரியத்தைச் செக்குமாடு செய்கிறது. ஆனால் மாடு சுற்றினால் எண்ணெயாவது வரும்.

பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு ஐந்தாறு மணி நேரம் சாலையில் போய், சுங்கச் சாவடிகளில் நின்று, துறைமுகத்தில் வரிசையில் காத்திருந்து, கப்பலேறி, எங்கும் போகாமல் திரும்பி வருவதற்குப் பிரயாணம் என்று பெயர் வைத்த மேதை யாரோ தெரியவில்லை.

அறைகளின் விலைப் பட்டியலைக் கவனித்துப் பாருங்கள். பால்கனி வைத்த அறைக்கு ஒரு விலை. ஜன்னல் வைத்த அறைக்கு அதைவிடக் குறைந்த விலை. எல்லாவற்றிலும் மலிவு, கப்பலின் வயிற்றுக்குள் இருக்கிற ஜன்னலே இல்லாத அறை. நம் ஊர் ஆசிரியரும் கூட்டுறவுச் சங்க எழுத்தரும் தவணை முறையில் பணம் கட்டி எடுக்கக்கூடியது இந்தக் கடைசி ரகந்தான். கடல் பார்க்கப் போகிறவனுக்குக் கடல் தெரியாத அறை!

இனி எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்போம். அவர்கள் வாதத்தில் ஒரு பகுதி மிகவும் நியாயமானது. அதை மறைத்துவிட்டு வாதாடுவது யோக்கியமல்ல.

"ஐயா, நீர் ஆண்பிள்ளை, உமக்கு என்ன தெரியும்?" என்று ஒரு தாய் கேட்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். "கோயிலுக்குப் போனாலும் புளியோதரை கட்டுவது நான். மாமியார் வீட்டுக்குப் போனாலும் அடுப்படி எனக்கு. கொடைக்கானல் போனால் குளிருக்குப் போர்வை எடுத்து வைப்பதும் நான், ஈரத்துணி காயப்போடுவதும் நான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் எனக்குப் பாத்திரம் கழுவாத நாள் உண்டா? கப்பலில் உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு வருகிறது. குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள ஆள் இருக்கிறது. கப்பல் எங்கே போனால் எனக்கென்ன?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது கப்பல் கம்பெனியல்ல, அவளுடைய புருஷன். மனைவிக்கு மூன்று நாள் ஓய்வு கொடுக்க ஒரு கப்பல் தேவைப்படுகிறதென்றால், அந்த வீட்டில் மற்றவர்களுக்குக் கையும் காலும் எதற்கு இருக்கின்றன? ஓய்வு அவளுடைய உரிமை. வீட்டிலேயே தீர்க்க வேண்டிய கடனை நடுக்கடலில் பணம் கட்டித் தீர்த்துவிட்டு, நான்காம் நாள் காலையில் "காப்பி எங்கே?" என்று கேட்கிறவனை இந்தப் பிரயாணம் காப்பாற்றுகிறது. அவளைக் காப்பாற்றவில்லை. இதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது குற்றச்சாட்டு குழந்தைகளைப் பற்றியது. "குழந்தைகளோடு ஒரு விடுமுறை" என்பது விளம்பரம். நடப்பது என்ன? குழந்தைகளுக்குத் தனி விளையாட்டு அறை. அங்கே அவர்களை மேய்க்க ஆள். பெரியவர்களுக்கு மதுச்சாலை, ஆட்டம் பாட்டம், கரையில் நம் மாநிலம் அனுமதிக்காத சூதாட்ட மேசை. ஆளுக்கொரு மாடியில் ஆளுக்கொரு வேடிக்கை. குழந்தைகளோடு விடுமுறை என்று சொல்லிக் கொண்டு குழந்தைகளிடமிருந்து விடுமுறை வாங்குகிறோம்!

இதில் என் மனத்தை உறுத்துகிற குடும்பம் ஒன்று உண்டு. அது ஒரு வீடல்ல, நூற்றுக்கணக்கான வீடு. லெப்பைக்குடிக்காடு, வ.களத்தூர் பக்கம் போனால் தெரியும். தகப்பன் வளைகுடா நாட்டில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருகிறான். நாற்பதில் பத்து நாள் சொந்தபந்தங்களின் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போய்விடும். மிச்சத்தில், பிள்ளைகளுக்கு எதையாவது பெரிதாகச் செய்துவிட வேண்டுமென்று அவனுக்குத் தவிப்பு. அந்தத் தவிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தவிப்பின்மீது கண்வைத்து வலை வீசுகிற வியாபாரத்தைத்தான் குறை சொல்கிறேன். போன தடவை பார்த்தபோது தவழ்ந்த பிள்ளை இப்போது ஓடுகிறது. அதற்குத் தகப்பனின் குரலே புதிது. அந்தப் பிள்ளையை வேறு ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு நாடகம் பார்க்கவா அவன் விமானம் ஏறி வந்தான்?

கப்பலேறுவது நமக்குப் புதிதுமல்ல. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம் ஜனங்களைச் சுமந்தது. அதற்குப் பின் 'எம்.வி. சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டுபோன கப்பல் அதுதான். மேல்தளத்தில் பாயை விரித்து, வாந்தியும் உப்புக்காற்றுமாகப் போனவர்களுடைய குழந்தைகளுக்குக் கடல் என்றால் என்னவென்று தெரிந்தது. அது அப்பாவை வாங்கிக் கொள்ளும், சில சமயம் திருப்பித் தராது என்பதும் தெரிந்தது. அந்தக் கஷ்டம் திரும்பி வரவேண்டுமென்று எந்தப் புத்திசாலியும் சொல்ல மாட்டான். ஆனால் அந்தக் கப்பலுக்குப் போய்ச் சேர ஓர் ஊர் இருந்தது. அக்கரையில் ஒருவர் காத்திருந்தார். இந்த மகாராணிக்காக யார் காத்திருக்கிறார்கள்?

"சரி, கப்பல் வேண்டாம். குழந்தைக்குக் கடலை எப்படிக் காட்டுவது?" என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கீழே குனிந்து பாருங்கள்.

நீங்கள் நிற்கிற நிலம் கடல். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தச் சீமை முழுவதும் அலையடித்தது. காரை கிராமத்துக்கு வெளியே, புல்கூடச் சரியாக முளைக்காமல் மழைநீர் அரித்து அரித்து ஓடைகளாய்க் கிடக்கிற மேட்டைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தக் கடலின் அடித்தளத்துச் சேறு. அதில் அம்மோனைட்டு என்ற பிராணியின் ஓடுகள் கிடக்கின்றன. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்டவை. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. 1862இலேயே பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளை வகைப்படுத்திப் புத்தகம் போட்டார். பக்கத்துத் திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூரும் நம் அரியலூரும் பாறை வரிசைகளின் பெயர்களாக அதில் ஏறின. இன்றும் உலகத்தின் எந்த மூலையிலுள்ள புவியியல்காரரிடமும் போய் அரியலூர் என்று சொன்னால் அவர் எழுந்து நின்று கைகுலுக்குவார். அரியலூரிலேயே போய்ச் சொன்னால், "சிமெண்டு ஊர்தானே?" என்பார்கள்.

சாத்தனூரில் ஒரு மரம் கிடக்கிறது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற நம்மவர் உலகுக்கு எடுத்துச் சொன்ன கல்மரம். பதினெட்டு மீட்டர் நீளம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் வெள்ளத்தில் அடித்துக் கடலுக்குப் போய், மணலில் புதைந்து கல்லாகிவிட்டது. உல்லாசக் கப்பல் மூன்று நாளில் திரும்பிவிடும். கடலுக்குப் போன இந்த மரமோ அங்கேயே தங்கிவிட்டது. கடல்தான் அதைத் தரையில் விட்டுவிட்டு விலகிப் போயிற்று!

2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாய்க் கற்கள் வெளிவந்தன. "டைனோசர் முட்டை!" என்று ஊரெல்லாம் கூடிவிட்டது. முட்டையல்ல, கடலடிப் படிவு உருண்டைகள் என்று நிபுணர்கள் சொன்னார்கள். பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக் கொண்டு வெயிலில் ஓடிவந்து அந்தக் கல்லை எட்டிப் பார்த்த ஜனங்களுக்கு அறிவுப் பசி இல்லையென்று யார் சொல்வது? பசி இருந்தது. பரிமாறத்தான் ஆள் இல்லை.

பரிமாறுகிற கடமை யாருடையது? உல்லாசக் கப்பலுக்குக் கொடியசைக்க அரசாங்கத்துக்கு நேரம் இருக்கிறது. 1025இல் கடாரம் வென்ற ராஜேந்திர சோழனின் தலைநகரம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரந்தான். அந்தக் கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை 2025 ஜூலையில் அங்கே பிரதமர் வந்து கொண்டாடினார். மெத்தச் சந்தோஷம். ஆயிரம் வருஷத்துக் கடலுக்கு அத்தனை கோலாகலம். பத்துக் கோடி வருஷத்துக் கடலுக்கு வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகமும், சாத்தனூரில் ஒரு வேலியும். மிச்சமுள்ள கடல் லாரியில் ஏறிக் கொண்டிருக்கிறது.

சுண்ணாம்புக் கல் என்பது செத்துப்போன கடற்பிராணிகளின் ஓடு. அதைச் சுட்டு அரைத்தால் சிமெண்டு. அரியலூர்க் கடலைத்தான் மூட்டை கட்டிச் சென்னைக்கு அனுப்புகிறோம். உல்லாசக் கப்பல் புறப்படுகிற மேடையிலேயே நம் ஊர்ச் சிப்பி கலந்திருந்தாலும் இருக்கலாம். சிமெண்டு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வீடு கட்ட வேண்டும், வேலை வேண்டும். ஆனால் தோண்டி முடித்த குழியைத் தண்ணீர் தேங்கிக் குழந்தைகள் விழுகிற பள்ளமாய் விட்டுவிட்டுப் போவது எந்த நீதி? ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு சுவரை வெட்டாமல் விட்டுவைத்து, படிக்கட்டும் கைப்பிடியும் போட்டு, எந்தப் பூச்சு எந்தக் காலத்துக் கடல் என்று தமிழில் எழுதி வைத்தால் கம்பெனிகள் ஏழையாகிவிடுமா? இரண்டு மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒவ்வொன்றும் படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது காரை மேட்டில் ஆசிரியரோடு நடந்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டால் கஜானா காலியாகிவிடுமா?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கோடை வெயிலில் வேண்டாம். தை மாதத்து விடியற்காலையில் போங்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் எடுத்துக் கொள்ளுங்கள். கட்டுச்சோற்றைக் கட்டுவது இந்தத் தடவை புருஷன்மார்களின் பொறுப்பு. கிடைக்கிற ஓட்டைப் பையில் போட்டுக் கொண்டு வராதீர்கள். பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு வருகிற குழந்தையும் பார்க்க வேண்டும். "இது என்னப்பா?" என்று பிள்ளை கேட்டால், தெரியாவிட்டால் தெரியாதென்று சொல்லிவிட்டுச் சேர்ந்து தேடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான விளையாட்டு அறை எந்தக் கப்பலிலும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு பணமும் ஆசையும் உள்ளவர்கள் கப்பலேறட்டும். தடுக்க நான் துறைமுக அதிகாரியல்ல. ஆனால், "எங்கள் ஊரில் என்ன இருக்கிறது, வெறும் பொட்டல்" என்று சொல்லிவிட்டு ஏறாதீர்கள். பிள்ளை அதைக் கேட்டுக் கொண்டிருக்கிறது. தான் பிறந்த மண்ணில் ஒன்றுமில்லை என்று நம்பி வளர்கிற பிள்ளை, அந்த மண் லாரி லாரியாகப் போவதைப் பார்த்தாலும் ஏனென்று கேட்காது.