நாய்க்கு இடம் வாசலிலா, வீட்டுக்குள்ளா?

கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று ஒரு பலகை. உள்ளே போர்டிகோ ஓரமாக ஒரு சங்கிலி, அதன் முனையில் ஒரு நாய். காலையில் ஒரு தட்டு சோறு, இரவில் ஒரு தட்டு சோறு. நம் ஊரில் பல வீடுகளில் நாய் வளர்ப்பு என்பது இவ்வளவுதான். போர்டிகோ இல்லாத நகரத்து வீடுகளில் அந்த இடம் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

கேட்டால், “நாய்னா வெளியதான் இருக்கணும். அந்தக் காலத்துல என்ன வீட்டுக்குள்ளயா வளர்த்தாங்க?” என்பார்கள் பெரியவர்கள்.

அதில் பாதி உண்மை. அந்தக் காலத்தில் நாய் வீட்டுக்குள் வளரவில்லைதான். ஆனால், மனிதர்களும் வெகுநேரம் வீட்டுக்குள் இருக்கவில்லையே! பகலில் திண்ணை, இரவில் வாசலில் கயிற்றுக் கட்டில். நாய் அவர்கள் காலடியில்தான் படுத்துக் கிடந்தது. பல கிராமங்களில் அதன் கழுத்தில் சங்கிலியும் இருக்காது. வயலுக்குக் கிளம்பினால் பின்னாலேயே ஓடி வரும்.

இப்போது திண்ணை போய்விட்டது. ஃபேன், டி.வி., ஏ.சி. என்று குடும்பம் உள்ளே நகர்ந்துவிட்டது. நாய் மட்டும் வெளியிலேயே தங்கிவிட்டது. கூட்டமாக வாழப் பிறந்த பிராணி அது. குடும்பம்தான் அதற்குக் கூட்டம். கதவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் பேசிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே நாளெல்லாம் தனியாகக் கிடப்பது அதற்குப் பெரிய தண்டனை.

காவலுக்குத்தானே நாய்?

நாயை வெளியே கட்டுவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் காவல். ஆனால், ஆறடிச் சங்கிலியில் இருக்கும் நாய் ஆறடியைத்தான் காக்க முடியும். கொல்லைப் பக்கம் சுவரேறிக் குதிப்பவனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. விஷம் வைத்த உணவை வீசினாலும் முதலில் மாட்டிக்கொள்வது வெளியே இருக்கும் நாய்தான்.

இன்னொன்று, கட்டிப்போட்ட நாய் சலிப்பில் எல்லாவற்றுக்கும் குரைக்கும். பால்காரர், பூனை, காற்றில் பறக்கும் கவர் எதுவும் பாக்கியில்லை. நாளடைவில் வீட்டார் அந்தக் குரலைக் காதில் வாங்குவதே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் நாய் நள்ளிரவில் ஒரு முறை உறுமினாலே எல்லோரும் எழுந்துவிடுவார்கள். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கதவு மூடியிருந்தாலும் கேட் அசைவது அதற்குத் தெரியும்.

ஆபத்தும் இருக்கிறது. பயந்த நாய்க்கு இரண்டே வழிகள்: ஓடுவது அல்லது கடிப்பது. சங்கிலி முதல் வழியை அடைத்துவிடுகிறது. பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுக் குழந்தையை, “எப்பவும் சாதுவா இருக்குமே” என்று சொல்லப்படும் நாய் கடித்துவிடுவது இப்படித்தான்.

வெயிலும் மழையும்

நமக்கு உடல் முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலம்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மே மாதக் கத்திரி வெயிலில், சிமென்ட் தரையில், தகரக் கூரைக்குக் கீழே இந்த நிலை வர வெகுநேரம் ஆகாது.

பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைப்பதே சிரமம். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவை பனிப் பிரதேசத்துக்கான ரோமத்தோடு பிறந்தவை. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு ரோமம் குட்டை. வெயில் ஓரளவு பழக்கம்தான். ஆனாலும், நிழலும் தண்ணீரும் இல்லாவிட்டால் அவையும் சுருண்டுவிடும்.

எச்சில் பிசுபிசுப்பாக வழிவது, ஈறு நன்றாகச் சிவப்பது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது ஆகியவை வெப்ப அதிர்ச்சியின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடல் மீது ஊற்றி, ஃபேனைப் போட்டுவிட்டு, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

மழைக்காலத்தில் தொல்லை வேறு. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். அதன் சிறுநீர் வழியாக வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவக்கூடும். தோட்டத்து உண்ணிகள் உண்ணிக்காய்ச்சலைக் கொண்டுவரும். கொசுக்கடியால் இதயப்புழு வரும். வீட்டுக்குள் வைத்திருந்தால் இவையெல்லாம் அறவே வராது என்றில்லை. ஆனால், தினமும் கண்முன்னே இருக்கும் நாயின் காதில் உண்ணி ஏறினால் அன்றே தெரியும். வாசல் நாய்க்கு அது சோறு தின்னாமல் படுத்த பிறகுதான் தெரியவரும்.

சட்டமும் சொல்கிறது

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11வது பிரிவு, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரத்துக்குப் பிராணியைக் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாமல் இருப்பதும் அதே பிரிவில் குற்றம்தான்.

உள்ளே பழக்குவது எப்படி?

“உள்ளே விட்டால் வீடு நாறிப் போகும், முடி கொட்டும், பூஜை அறைக்குள் போகும்.” வீட்டு வேலை யார் தலையில் விழுகிறதோ, அவர்களுடைய இந்தக் கவலை நியாயமானது. பழக்கினால் இதைச் சமாளிக்க முடியும்.

• முதலில் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு பழைய போர்வை, தண்ணீர்க் கிண்ணம் போதும். வாசல் நாயாக இருந்தால் ஒரே நாளில் வீடு முழுக்கத் திறந்துவிடாதீர்கள். இரவுத் தூக்கத்தை மட்டும் உள்ளே ஆரம்பித்து, பிறகு உச்சி வெயில் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடியதும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். சரியான இடத்தில் போனால் உடனே ஒரு பிஸ்கட் துண்டும் பாராட்டும் கொடுங்கள். உள்ளே போய்விட்டால் அடிக்க வேண்டாம். அடித்தால் ‘இங்கே போகக்கூடாது’ என்று புரியாது, ‘இவர்கள் பார்க்கும்போது போகக்கூடாது’ என்றுதான் புரியும். சோபாவுக்குப் பின்னால் போக ஆரம்பிக்கும்.

• சமையலறை, பூஜை அறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு கேட் ஒன்றைப் போடலாம். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அம்மா “வராதே” என்று சொல்ல, மகன் தூக்கிக்கொண்டு போனால் நாய் குழம்பும்.

• தினமும் ஐந்து நிமிடம் வாசலில் வைத்துச் சீவிவிட்டால் முடி அங்கேயே கொட்டிவிடும். வெளியே போய் வந்ததும் பாதங்களை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

• வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு ஆகாது. கைக்கு எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள்.

• வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து இரண்டையும் தவறவிடக் கூடாது. வீட்டு நாய்தானே என்று கடியையோ கீறலையோ அலட்சியப்படுத்தாமல், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கைக்குழந்தையோடு நாயைத் தனியாக விடவே கூடாது.

உள்ளே வைத்தால் மட்டும் போதாது

சங்கிலியை அவிழ்த்துவிட்டு ஃபிளாட்டுக்குள் பூட்டி வைப்பதால் பயனில்லை. காலையும் மாலையும் வாக்கிங் கட்டாயம். அதிலும் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் ஓடியே ஆக வேண்டும். நாயின் இருப்பிடம் வீடு, விளையாட்டு வெளியே என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வாமை, வயதானவர்கள், வாடகை வீடு என்று சில குடும்பங்களுக்கு உள்ளே கொண்டுவர முடியாத சூழல் இருக்கும். அப்படியானால் நல்ல நிழல், தரையிலிருந்து சற்று உயர்ந்த படுக்கை, எப்போதும் தண்ணீர், சங்கிலி இல்லாமல் காம்பவுண்டுக்குள் நடமாட இடம், இவற்றோடு யாராவது ஒருவர் தினமும் அதனுடன் உட்காரும் நேரம் ஆகியவற்றை ஏற்பாடு செய்யுங்கள். பட்டாசு வெடிக்கும் தீபாவளி இரவுகளிலாவது கதவைத் திறந்து உள்ளே விடுங்கள்.

இந்த அளவுக்குக்கூட நேரமும் இடமும் இல்லையென்றால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது. வீட்டுக் காவலுக்குக் கேமரா போதும். பத்து, பன்னிரண்டு வருடம் வாழப்போகும் ஓர் உயிரைக் கொண்டுவருகிறோம் என்றால், அது யார் பக்கத்தில் படுக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.