நுனியை அறியாத தராசு

நுனியைக் கிள்ளினால் செடி பக்கவாட்டில் கிளைக்கும் என்பது உழவர் அனைவரும் அறிந்ததே. நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் பக்கமொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனி நீங்கியதும் அவை கிளைகளாக எழுகின்றன. தேயிலைக்குக் கவாத்தும் பருத்திக்கு நுனி கிள்ளுதலும் இந்த அடிப்படையில் அமைந்தவையே.

அறைக்குள் விளக்கொளியில் கஞ்சாச் செடி வளர்ப்போரும் இதையே செய்கின்றனர். நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேர ஒளியில் செடி தழைப்பருவத்திலேயே நிற்கிறது. அப்போது நுனியைக் கிள்ளிக் கிளைகளை வளைத்துக் கட்டுகின்றனர். அச்செடியில் இலையுண்டு, தண்டுண்டு, வேருண்டு, பூங்கொத்து இல்லை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என எதைச் சொல்கிறது? பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளை மட்டுமே. நுனிகளோடு சேராத இலையையும் விதையையும் அது வெளிப்படையாகவே விலக்குகிறது. அவ்வாறாயின், பூக்காத செடியை வேரோடு பிடுங்கி, ஈரத்தோடு தராசில் ஏற்றி, அந்த எடை முழுவதையும் கஞ்சா என எழுதுவது எந்த வரையறையின்படி?

இது சொல்விளையாட்டு அன்று. எடை 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டுச் சிறை. 37ஆம் பிரிவின் கடும் நிபந்தனைகளால் பிணையும் எளிதில் கிட்டாது. பச்சைச் செடியின் எடையில் பெரும்பங்கு நீர். ஆக, ஒரு மனிதனின் பத்தாண்டுகளைத் தீர்மானிப்பது நீரும் தண்டும் வேரில் ஒட்டிய மண்ணுமா?

‘அப்படியானால் வளர்ப்பவரை விட்டுவிடுவதா?’ என்று சிலர் சீறுவர். யாரும் அவ்வாறு கோரவில்லை. அனுமதியின்றிச் செடி வளர்ப்பது 20(அ) பிரிவின்படி தனிக் குற்றம். அதற்கு 10 ஆண்டு வரை தண்டனை உண்டு. அக்குற்றத்துக்குக் கிலோக்கணக்கு வேண்டியதில்லை. செடி வளர்த்தவரைச் செடி வளர்த்ததற்காகத் தண்டிக்கலாம். அவரிடம் இல்லாத கஞ்சாவுக்காகத் தண்டிக்கலாகாது.

தீர்வு கடினமானதன்று. செடி எப்பருவத்தில் இருந்தது என்பதைக் கைப்பற்றும்போதே படத்தோடு பதிவுசெய்ய வேண்டும். பூநுனி இருப்பின் அதைத் தனியே பிரித்து எடையிட வேண்டும். இல்லையெனில் இல்லையென்றே எழுத வேண்டும். தாவரவியல் மாணவர் முதல் ஆண்டில் கற்கும் இவ்வேறுபாட்டைக் காவல் நிலையத் தராசு கற்க இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?