கடவுச்சொல்லின் காவல்

கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள மிளகு வாணிபச் சங்கத்தில் 1957-ஆம் ஆண்டு முன்பேர வாணிபம் தொடங்கிற்று. மண்டபத்தில் கூடிய வணிகர் உரத்த குரலில் விலை கூறினர். கூறியவர் இன்னார் என்பதை முகமும் குரலுமே மெய்ப்பித்தன. பிற்காலத்தில் அவ்வாணிபம் கணிப்பொறிக்கு மாறியது. கடவுச்சொல்லை மட்டும் கேட்கும் கணிப்பொறி முகத்தை அறியாது. சொல் பொருந்துமாயின், திருடனையும் உரியவனென்றே அது ஏற்றுக்கொள்ளும்.

இது வணிகர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மாணவர் விவரங்களைப் பதியும் ஆசிரியரும், குடியானவரின் நிலக்கணக்கையும் வங்கிக் கணக்கையும் பதியும் களப்பணியாளரும் பிறருடைய உடைமைக்குக் காவலர் ஆவர். அவர்களுடைய கடவுச்சொல் தளர்ந்தால் நஷ்டம் பிறரையும் சேரும்.

தளர்ச்சி எங்ஙனம் ஏற்படுகிறது? எட்டு இலக்கங்களால் பத்துக் கோடி எண்களை அமைக்கலாம். ஆனால் அவ்வெட்டு இலக்கமும் பிறந்த தேதியாயின், நூறாண்டுகளுக்கு ஏறத்தாழ 36,500 தேதிகளே உள்ளன. கணிப்பொறிக்கு அவற்றைச் சோதிப்பது நொடிப்பொழுது வேலை. 1979-இல் மாரிஸ், தாம்ப்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 2,831 மிகச் சிறியவையாகவோ அகராதி முதலியவற்றில் எளிதில் அகப்படுவனவாகவோ இருந்தன. ஊர்ப்பெயருடன் 123 சேர்ப்பது இன்றும் அதே பிழையே.

பரிகாரம் எளிது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்துக் கோத்தல் வேண்டும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து இவ்வாறு எடுத்தால், 36 கோடி கோடிக்கும் மேற்பட்ட கோவைகள் அமையக்கூடும். சுக்கு, ஏணி, வியாழன், மத்தளம் என்பது போன்ற கோவை மனத்தில் எளிதில் நிற்கும். ஆயினும், அச்சில் வந்துவிட்ட இக்கோவையையே எவரும் கையாளலாகாது. பழமொழியும் குறளடியும் பலரறிந்தவை, அவையும் உதவா.

மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றுமாறு பணிக்கும் அலுவலகங்கள் அவ்வழக்கத்தை மறுபரிசீலனை செய்தல் நன்று. அடிக்கடி மாற்ற நேரிடுபவர் பழைய சொல்லின் இறுதியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுவர். அல்லது மேசையில் எழுதி ஒட்டுவர். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை, கசிந்ததற்குச் சான்று இருந்தாலன்றி மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம் எனக் கூறுகிறது.

மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகள் அனைத்துக்கும் ஒரே சாவியை எந்த வணிகரும் ஏற்கமாட்டார். அதுபோலவே, கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டும். ஓரிடத்தில் களவாடப்பட்ட சொல்லைத் திருடர் பிற இடங்களிலும் சோதிப்பர். அலுவலகம் முழுவதும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வதும் தவறே. பிழை நேர்ந்தால் செய்தவர் யாரென்று அறிய இயலாது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் எவரிடமும் சொல்லலாகாது. பணம் பறிபோயின், தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பிறர் நம்பி ஒப்படைத்த விவரங்களைக் காப்பது பணியின் ஒரு பகுதி. நான்கு சொற்களை நினைவில் வைப்பது அதற்குப் பெருஞ்சுமையாகாது.