ஓடாத வண்டியின் டயர்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். தீபாவளிக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள், திண்ணையோரம் அப்பா போர்த்தி வைத்திருக்கும் பைக்கை வெளியே எடுப்பார்கள். பெட்ரோலைப் பார்ப்பார்கள், பேட்டரியைப் பார்ப்பார்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காற்று பார்ப்பதோடு சரி. ‘அதிகம் ஓடாத வண்டி, பட்டன் அப்படியே இருக்கு’ என்று ஒரு திருப்தி வேறு!

எனக்குக் கவலை தருவது அந்தத் திருப்திதான். மொட்டை டயர் என்றால் பஞ்சர் கடைக்காரரே திட்டி அனுப்பிவிடுவார். தேயாமலே கிழடாகிப்போன டயர்தான் ஆளை ஏமாற்றும். வண்டி ஓடினாலும் நின்றாலும் வெயிலும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கிக்கொண்டே இருக்கின்றன. இதைத் தாமதப்படுத்த, தயாரிக்கும்போதே மெழுகும் சில ரசாயனங்களும் சேர்க்கிறார்கள். சக்கரம் உருண்டு டயர் நெளிய நெளியத்தான் அவை மேலே கசிந்து படலமாகப் படியும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அந்தக் காவல் குறைவு.

இறுகிய ரப்பர் ரோட்டைக் கவ்வாது. காய்ந்த ரோட்டில் இது தெரியாமலே போகலாம். முதல் மழையில், தூசியும் எண்ணெயும் கலந்து வழவழக்கும் தாரில் பிரேக் பிடிக்கும்போது தெரியும். பைக் தரையைத் தொடுவதே உள்ளங்கை அளவு இரண்டு இடத்தில்தான். முன்சக்கரம் வழுக்கினால் சுதாரிக்க நேரமிருக்காது.

டயரின் வயதை அதன் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கம் சொல்லும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். குனிந்து தேட வேண்டும். 5 ஆண்டானால் வருடந்தோறும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், 10 ஆண்டானால் எப்படியிருந்தாலும் மாற்றுங்கள் என்கின்றன சில டயர் நிறுவனங்கள். நம் ஊர் வெயிலில் 10 வரை காத்திருப்பதை நான் ஒப்பமாட்டேன். பட்டன்களுக்கு நடுவிலோ பக்கவாட்டிலோ மயிரிழைபோல் வெடிப்பு தெரிந்தால் வயதைக் கணக்குப் பார்க்கவே வேண்டாம். வாட்டர் சர்வீஸ் முடித்துப் பூசிவிடும் பாலிஷ் அந்த வெடிப்பை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய டயரை மலிவாக வாங்குபவர்கள் விலை பேசுமுன் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். புது டயருக்கும் இதே பேச்சுதான். கடையில் எத்தனை காலம் கிடந்ததோ!

வருகிற ஞாயிறன்று உங்கள் வண்டியோடு அம்மாவின் ஸ்கூட்டரையும் பாருங்கள். டயர் மாற்றினால், ட்யூப் உள்ள வண்டியென்றால், அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்