சுழற்சியும் கொள்ளளவும்

குதிரைத்திறன் ஒன்றையே பார்த்துக் கார் வாங்க எண்ணுகிறவர்கள் ஹோண்டா எஸ்2000 என்னும் இருவர் அமரும் திறந்த காரின் சரித்திரத்தை ஒருமுறை ஊன்றிக் கவனிப்பது நலம். 1999-ல் ஜப்பானில் அது வெளிவந்தபோது, அதன் 1997 சி.சி. இஞ்சின், டர்போ முதலிய உபகரணங்களின் துணை சிறிதுமின்றி, நிமிஷத்துக்கு 9000 சுற்றுவரை சலிக்காமல் ஏறி, 250 குதிரைத்திறனைத் தந்தது. 1963-லேயே 531 சி.சி. இஞ்சினை 8000 சுற்றில் ஓடவிட்டு 44 குதிரைத்திறன் எடுத்த கம்பெனிக்கு இது பரம்பரைச் சுபாவம் என்றே சொல்ல வேண்டும். காரின் வருஷ வரி சி.சி. கணக்கில் படிப்படியாக ஏறி, 2000 சி.சி.யைத் தாண்டினால் இன்னும் உயர்ந்துவிடும் தேசத்தில் அந்தச் சுபாவத்துக்கு நியாயமும் இருந்தது.

திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சியையும் பெருக்கி வரும் தொகையாதலால், அதைக் கூட்ட இரண்டு மார்க்கங்கள் உண்டு: சிலிண்டரைப் பெரிதாக்கி ஒவ்வொரு முறையும் அதிகமாக எரிக்கலாம், அல்லது சிறிய சிலிண்டரையே அடிக்கடி எரியச் செய்யலாம். காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். சாலையில் அவை ஒன்றல்ல என்பதே என் அபிப்பிராயம்.

எஸ்2000-ன் இஞ்சினில் இரண்டு வகைக் கேம்கள் உள்ளன; ஏறத்தாழ 6000 சுற்றுவரை வால்வுகளைச் சாந்தமாகத் திறக்கும் கேமும், அதற்கு மேல் அவற்றை உயரமாகவும் நீண்ட நேரமும் திறந்து வைக்கும் கேமும் முறையே வேலை செய்கின்றன. ஆறாம் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இஞ்சின் சுமார் 3300 சுற்றில்தான் ஓடுகிறது. அந்த வேகத்தில் முன்னே போகும் லாரியைக் கடக்க இரண்டாவது கேமின் தயவு வேண்டுமானால், ஒரேயடியாக மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டும். முழுச் சுழற்சியையும் அநுபவிக்க விரும்பி இரண்டாம் கியரில் 9000 வரை ஏற்றினாலோ, அதற்குள்ளாகவே கார் 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அந்த இஞ்சினின் சிருஷ்டியில் தெரியும் சாமர்த்தியத்தை நான் மனமார வியக்கிறேன். ஆனால் அதன் உச்சமான இன்பம், சட்டம் அநுமதிக்கும் வேகத்தின் விளிம்பிலேதான் ஆரம்பமாகிறது.

இதை அந்தக் கம்பெனியே ஒருவாறு ஒப்புக்கொண்டது. 2004-ஆம் வருஷத்து அமெரிக்கக் காருக்குப் பிஸ்டனின் வீச்சை 84 மில்லிமீட்டரிலிருந்து 90.7-க்கு நீட்டி, இஞ்சினை 2157 சி.சி. ஆக்கினார்கள். அங்கே விளம்பரத்தில் அச்சிட்ட திறன் முன்போல 240 தான். ஆனால் முறுக்குவிசை கூடியதோடு, அதன் உச்சம் இன்னும் தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, உச்சச் சுழற்சி 8000 ஆகக் குறைந்தது. காரணம் எளியது: 9000 சுற்றில் பழைய பிஸ்டனின் சராசரி வேகமே விநாடிக்கு 25 மீட்டர், நீண்ட வீச்சோடு அதே சுழற்சியில் ஓடினால் அது 27-ஐத் தாண்டிவிடும்.

மறு மார்க்கத்தின் கோடிக்கு 1997-ல் வந்த செவ்ரோலே கார்வெட்டைச் சொல்லலாம். 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், 345 குதிரைத்திறன். கையால் கியர் மாற்றும் கார்வெட் ஆறாம் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 1400 சுற்றோடு நிதானமாகப் போகும். அவசரமானால் கியரைத் தொடாமலே இழுக்கும். பெரிய இஞ்சின் என்றாலே பெட்ரோலை வாரிக் குடிக்கும் என்ற பயம், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகரத்தில் வாஸ்தவமே யாயினும், நெடுஞ்சாலையில் அத்தனை வாஸ்தவமல்ல.

வீட்டில் வேறொரு கார் இருந்து, வளைந்து ஏறும் மலைச்சாலையும் கியர் மாற்றுவதில் ஆசையும் வாய்த்தவர்கள் உயர்சுழற்சி இஞ்சினையே தாராளமாக வாங்கட்டும். ஒரே காரோடு ஆபீசுக்கும் ஊருக்கும் போக வேண்டியவர்கள் பெரிய கொள்ளளவையே தேர்ந்தெடுப்பது நல்லது. வாங்குமுன், குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, ஏற்றமான சாலையில் கடைசி கியரிலேயே, கியரை இறக்காமல், ஒரு தரம் மிதித்துப் பாருங்கள்.